ஏழு கன்னியர் மலை, 1974: பழுதில்லாத விமானம் மலையில் மோதியது எப்படி?

#1 கிடைவரை

1974 டிசம்பர் 4, இரவு பத்தேகால் மணி அளவில் மார்ட்டின்ஏர் 138 இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியா – நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் உள்ள ஏழு கன்னியர் மலையில் மோதியது. டிசி-8 ரகம். சுரபாயாவிலிருந்து கொழும்பு வழியாக ஜெத்தா போகவேண்டிய விமானம். பயணிகள் 182 பேர், இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்கள். பணியாளர்கள் 9 பேர். 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இலங்கை மண்ணில் இதைவிடப் பெரிய விமான விபத்து இன்றுவரை நடந்ததில்லை.

எங்கு பேசினாலும் "இருட்டு, பனிமூட்டம், மலை தெரியவில்லை" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. இரவில் மலை யாருக்கும் தெரியாது, அதனால்தான் உயரமானி இருக்கிறது. மோதிய உயரம் சுமார் 4,355 அடி. இடம் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கடல்மைல். அந்த இடத்தில் அந்த உயரத்துக்கு அவர்கள் ஏன் இறங்கினார்கள்? செவிவழிக் கதைகளை விட்டுவிட்டு, கணக்கோடு விளக்கக்கூடியவர்கள் எழுதுங்கள்.

#2 உயரமானி

நீங்கள் கொடுத்த இரண்டு எண்களிலேயே விடை இருக்கிறது.

ஜெட் விமானம் இறங்கும்போது விமானிகள் மனத்தில் வைத்திருக்கும் கணக்கு மூன்றுக்கு ஒன்று. அதாவது 1,000 அடி இறங்க 3 கடல்மைல் வேண்டும். ஓடுபாதை கடல்மட்டத்தை ஒட்டி இருப்பதால் 4,355 அடி என்பது நிலையத்திலிருந்து சுமார் 13 கடல்மைலில் இருக்க வேண்டிய விமானத்தின் உயரம். அவர்கள் இருந்ததோ 40-இல். 40 கடல்மைலில் இருக்கும் விமானம் இதே கணக்கில் சுமார் 13,300 அடியில் இருக்க வேண்டும்.

ஆக உயரம் குழம்பவில்லை. இறக்கம் ஒழுங்காகவே நடந்திருக்கிறது, ஆனால் வேறொரு இடத்துக்கான இறக்கம். ஏறத்தாழ 27 கடல்மைல் முன்கூட்டியே இறங்கிவிட்டார்கள். 300 நாட் (மணிக்கு 300 கடல்மைல்) வேகத்தில் அந்தத் தூரம் சுமார் ஐந்து நிமிடம்தான். ஐந்து நிமிடம் கழித்து இறங்கத் தொடங்கியிருந்தால் மலைநாடு முழுவதும் பின்னால் போயிருக்கும்.

விசாரணை முடிவும் இதுதான். நிலையத்தைப் பொறுத்துத் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதைத் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கினார்கள். டாப்ளர் கருவியையும் வானிலை ரேடாரையும் நம்பியதுதான் அந்தத் தவறான கணிப்புக்கு இடம் கொடுத்தது என்று விசாரணையாளர்கள் கருதினார்கள்.

#3 தென்றல்பாதை

டாப்ளர் என்றால் இன்று பலருக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாக.

விமானத்தின் வயிற்றுப் பகுதியிலிருந்து சில ரேடியோ கற்றைகள் சாய்வாகக் கீழே போகும். தரையிலோ கடலிலோ பட்டுத் திரும்பும்போது அலைவரிசை எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை வைத்துத் தரைவேகமும் பக்கவாட்டு விலகலும் கிடைக்கும். அதைத் திசைகாட்டியின் திசையோடு சேர்த்து, புறப்பட்ட இடத்திலிருந்து கூட்டிக்கொண்டே வந்தால் "இப்போது எங்கே" என்பது கிடைக்கும். வெளியிலிருந்து எந்த உதவியும் தேவையில்லை. பெருங்கடல் பயணத்துக்கு அது பெரிய வரமாக இருந்தது.

குறை அந்தக் கூட்டலில்தான். ஒவ்வொரு நிமிடத்தின் சிறு பிழையும் அடுத்த நிமிடத்தோடு சேரும். கடல் அமைதியாக இருந்தால் கற்றை சரியாகத் திரும்பாது. அலையும் நீரோட்டமும் இருந்தால் நகரும் நீரைத் தரை என்று கருவி எடுத்துக்கொள்ளும். திசைகாட்டி ஒரு பாகை பிசகினால் 60 கடல்மைலுக்கு ஒரு கடல்மைல் பக்கவாட்டில் போய்விடும். சுரபாயா – கொழும்பு சுமார் 2,100 கடல்மைல். ஒரு விழுக்காடு பிழை என்றாலே 21 கடல்மைல். #2-இல் நண்பர் உயரமானி சொன்ன 27 கடல்மைல் பெரிய பழுது வந்தால்தான் உண்டாகும் என்றில்லை. நன்றாக இயங்கும் கருவியே இவ்வளவு விலகலாம்.

அதனால் கரையை நெருங்கும்போது தரையிலுள்ள ஒரு நிலையத்தை வைத்து டாப்ளரைத் திருத்த வேண்டும். வானிலை ரேடாரைக் கீழே சாய்த்துக் கடற்கரைக் கோட்டைப் பார்ப்பதும் அக்காலப் பழக்கம். ஆனால் திரையில் தெரிவது மங்கலான ஒரு விளிம்பு. அது எந்தக் கரை, எந்த முனை என்று சொல்ல ஏற்கெனவே ஓர் எதிர்பார்ப்பு வேண்டும். அந்த எதிர்பார்ப்பைத் தருவது டாப்ளர். முதல் கருவியின் தவறை இரண்டாவது கருவி ஆமோதிப்பது இப்படித்தான். இரண்டு கருவிகள் இருந்தும் சாட்சி ஒன்றுதான்.

#4 கிடைவரை

நன்றி, இது புரிகிறது. அப்படியானால் கட்டுப்பாட்டறை 2,000 அடிக்கு இறங்க எப்படி அனுமதித்தது? வழியில் 7,000, 8,000 அடி மலைகள் இருப்பது அவர்களுக்குத் தெரியும்தானே?

#5 செவ்விளக்கு

இந்தக் கேள்வி நேர்மையானது. விடையைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் இதில்தான் பலர் கட்டுப்பாட்டாளர் மீது பழி போடுகிறார்கள்.

ரேடார் வழிகாட்டல் இல்லாத இடத்தில் கட்டுப்பாட்டாளருக்கு விமானம் தெரியாது. விமானி சொல்லும் தூரமும் உயரமும்தான் அவருடைய படம். "2,000 அடிக்கு இறங்கலாம், ஓடுபாதை தெரிந்தாலோ ரேடியோ நிலையத்துக்கு மேலே வந்தாலோ சொல்லுங்கள்" என்ற அனுமதியின் பொருள், அந்த வழியில் வேறு விமானம் குறுக்கே இல்லை என்பது. மலை இல்லை என்பது அல்ல. ரேடாரில் பார்த்து அவரே திசை கொடுத்து நடத்தினால் மட்டுமே தரைத்தடை விலகல் அவர் பொறுப்பு. மற்ற நேரங்களில் விமானியின் பொறுப்பு.

இதே குழப்பம் மூன்று நாள் முன்பு அமெரிக்காவில் 92 உயிரை எடுத்தது. 1974 டிசம்பர் 1, டிடபிள்யூஏ 514, போயிங் 727, வாஷிங்டனுக்கு மேற்கே வெர்ஜீனியா மலையில் மோதியது. அணுகலுக்கு அனுமதி கிடைத்ததும் 1,800 அடிக்கு இறங்கலாம் என்று விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். அந்த உயரம் மலையைத் தாண்டிய பகுதிக்கானது. அனுமதிச் சொற்களின் பொருளை விதியிலேயே தெளிவாக்கியதும், தரை நெருங்குவதை எச்சரிக்கும் ஜிபிடபிள்யூஎஸ் கருவியை அங்கே கட்டாயமாக்கியதும் அந்த விபத்துக்குப் பிறகுதான்.

இன்னொன்று. அணுகல் வரைபடத்தில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரம் ஒரு ரேடியோ நிலையத்தை மையமாக வைத்து 25 கடல்மைல் வட்டத்துக்கு மட்டும். அந்த வட்டத்துக்குள் உள்ள மிக உயர்ந்த தடைக்கு மேல் சுமார் 1,000 அடி இடைவெளி தரும். 40 கடல்மைலில் இருப்பவருக்கு அந்த எண் செல்லாது. வட்டத்துக்குள் வந்துவிட்டோம் என்று நிச்சயமாகத் தெரியாதவர் அதைப் பயன்படுத்தவே கூடாது.

வட்டத்துக்கு வெளியே கட்டம் கட்டமாகக் கொடுத்திருக்கும் பாதுகாப்பு உயரம்தான் கணக்கு. 5,000 அடிக்கு மேற்பட்ட நிலமென்றால் 2,000 அடி கூட்டுவார்கள். பிதுருதலாகல 8,281 அடி. 2,000 கூட்டி மேல்நோக்கி முழுமையாக்கினால் 10,300. அந்தக் கட்டத்தில் இருக்கிறோமோ என்ற சந்தேகம் இருக்கும்வரை 10,300-க்குக் கீழே போகக்கூடாது. தாமதமாக இறங்கினால் என்ன இழப்பு? நிலையத்துக்கு மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றி இறங்க வேண்டும். பத்து நிமிட எரிபொருள், அவ்வளவுதான்.

#6 தென்றல்பாதை

செவ்விளக்கு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தாழ் அலைவரிசை ரேடியோ நிலையத்தை நோக்கும் முள் திசையை மட்டும்தான் காட்டும். நிலையம் 13 கடல்மைலில் இருந்தாலும் 40-இல் இருந்தாலும் முள் ஒரே மாதிரி முன்னால்தான் நிற்கும். நிலையத்தைக் கடக்கும்போது பின்னால் திரும்பும், அந்தக் கணம் மட்டுமே உறுதியான இடம். கிழக்கிலிருந்து வருகிறவருக்கு மலைநாடு முதலில், கட்டுநாயக்க பிறகு. முள் திரும்பும்வரை உயரத்தைப் பிடித்து வைத்திருப்பதுதான் பழைய முறை, இன்றும் பழுதில்லாத முறை.

#7 பனிமுகடு

இதைக் கொழும்பு விவகாரமாக மட்டும் பார்க்காதீர்கள். "எங்கே இருக்கிறோம்" என்ற தவறான நம்பிக்கை மலை விபத்துகளின் முதுகெலும்பு.

1966 ஜனவரி 24, ஏர் இந்தியா 101, போயிங் 707, மோன் பிளாங் உச்சியை ஒட்டி மோதியது. 117 பேர், ஹோமி பாபா உட்பட. ரேடியோ நிலையத்தை வைத்துத் திசை காட்டும் இரண்டு விஓஆர் கருவிகளில் ஒன்று வேலை செய்யவில்லை. ஜெனீவாவை நோக்கி இறங்கும்போது மோன் பிளாங்கைத் தாண்டிவிட்டதாகத் தலைமை விமானி கணித்தார். ரேடாரில் பார்த்த கட்டுப்பாட்டாளர் அந்தப் பிழையைக் கண்டு, மலைக்கு இன்னும் ஐந்து மைல் இருக்கிறது என்ற பொருளில் சொன்னார். வாசகம் துல்லியமாக இல்லாததால், அது திருத்தம் என்று விமானிக்குப் புரியவில்லை. தாண்டியாயிற்று என்ற நம்பிக்கையோடே இறக்கத்தைத் தொடர்ந்தார். "நீங்கள் இன்னும் தாண்டவில்லை, இறங்காதீர்கள்" என்று நேராகச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது.

1972 அக்டோபர் 13, உருகுவே விமானப்படை 571. ஆண்டிஸ் மலைத்தொடரைப் பிளாஞ்சோன் கணவாய் வழியாகக் கடந்து, சிலியில் குரிக்கோ ஊருக்கு மேலே வந்ததும் வடக்கே திரும்ப வேண்டும். கணவாயிலிருந்து குரிக்கோவுக்கு 11 நிமிடம் ஆகும். மூன்றே நிமிடத்தில் குரிக்கோ வந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பினார்கள். எதிர்க்காற்றும் இருந்தது. மேகத்துக்குள் இறங்கியபோது கீழே இன்னும் மலை. 45 பேரில் 16 பேர் 72 நாளுக்குப் பிறகு உயிரோடு மீண்டார்கள்.

கடிகாரமே "இது முடியாது" என்று சொன்ன விபத்து அது. பதினொரு நிமிட வழியை மூன்று நிமிடத்தில் யாரும் கடக்க முடியாது.

#8 வெள்ளிறகு

எல்லாம் சரி, ஆனால் இவை ஐம்பது ஆண்டு பழைய கதைகள். இப்போது ஜிபிஎஸ் இருக்கிறது, உலகத் தரைப்படம் முழுவதும் காக்பிட்டில் இருக்கிறது. நல்ல கருவி உள்ள விமானம் மலையில் மோதும் காலம் முடிந்துவிட்டது என்றே சொல்வேன்.

#9 உயரமானி

வெள்ளிறகு, பெருமளவு குறைந்தது உண்மை, அந்த அளவுக்கு நீங்கள் சொல்வது சரி. முடிந்துவிட்டது என்பதை ஏற்க முடியாது.

பழைய ஜிபிடபிள்யூஎஸ் ரேடியோ உயரமானியை நம்பியது. அது நேர் கீழே 2,500 அடிவரைதான் பார்க்கும். முன்னால் செங்குத்தாக மலை எழுந்தால் சில விநாடிதான் மிஞ்சும். 1990-களில் வந்த புதிய வகை ஜிபிஎஸ் இருப்பிடத்தையும் தரைப்படத்தையும் ஒப்பிட்டு, மோதலுக்குச் சுமார் 60 விநாடி முன்பு கவனமூட்டும், 30 விநாடி முன்பு "மேலே இழு" என்று கத்தும். 250 நாட் வேகத்தில் 30 விநாடி என்றால் ஏறத்தாழ 2 கடல்மைல். போதுமான அவகாசம், உடனே செயல்பட்டால்.

செயல்படும் வரிசை, போயிங் வகைகளில்: தானியங்கியையும் தானியங்கி உந்துவிசையையும் துண்டி. உந்துவிசை முழுவதும். இறக்கைகளைச் சமமாக்கியபடியே மூக்கை 20 பாகைக்குத் தூக்கு. வேகத்தடைப் பலகைகள் உள்ளே போய்விட்டனவா என்று பார். மலையைத் தாண்டும்வரை சக்கரத்தையோ ஃபிளாப்பையோ தொடாதே. ஏர்பஸ்ஸில் பக்கக்கோலை முழுவதும் பின்னால் இழுத்துப் பிடிப்பது, மற்றவை அதேதான்.

வேகத்தடைப் பலகையைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. 1995 டிசம்பர் 20, கொலம்பியாவின் காலி நகருக்கு அருகே அமெரிக்கன் 965. ரோசோ நிலையம் என்று நினைத்து கணினியில் 'ஆர்' எழுத்தைத் தேர்ந்தார்கள், கணினி பொகோட்டா பக்கம் உள்ள ரோமியோ நிலையத்தை எடுத்துக்கொண்டு விமானத்தைத் திருப்பியது. எச்சரிக்கை ஒலித்ததும் விமானிகள் முழு உந்துவிசை கொடுத்து மேலே இழுத்தார்கள். இறங்குவதற்காக விரித்த தடைப்பலகைகள் மட்டும் விரித்தபடியே இருந்தன. 163 பேரில் 4 பேர் பிழைத்தார்கள்.

#10 செவ்விளக்கு

எச்சரிக்கையை அணைத்துவைப்பதும் உண்டு. 2012 மே 9, இந்தோனேசியாவின் சலாக் மலையில் சுகோய் சூப்பர்ஜெட், 45 பேர். எச்சரிக்கை மோதலுக்கு 38 விநாடி முன்பே வந்தது. தரைப்படத்தில் ஏதோ பிழை என்று நினைத்து அணைத்தார்கள்.

2022 மே 29, நேபாளத்தில் பொக்கராவிலிருந்து ஜோம்சோம் போன தாரா ஏர் ட்வின் ஓட்டர், 22 பேர். நேபாள விசாரணை அறிக்கை சொன்ன காரணம்: மேகத்துக்குள் புகுந்து சரியான பாதையைக் கவனித்துப் பிடிக்கத் தவறியது, அதுவும் தரை எச்சரிக்கை அணைந்த நிலையில். அந்தப் பள்ளத்தாக்கில் நல்ல வானிலையிலும் இருபுறமும் மலை நெருக்கமாக இருப்பதால் கருவி ஓயாமல் கத்தும். அதனால் அணைக்கும் பழக்கம் வருகிறது. மேகம் வந்த அந்த ஒரு நாளில் கருவி ஊமையாக இருக்கும்.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: போர்ப் பகுதிகளில் பொய்யான ஜிபிஎஸ் சமிக்ஞை அனுப்புகிறார்கள். அந்த வான்வெளியைக் கடந்து பல மணி நேரம் கழித்தும் கருவி பொய் எச்சரிக்கை தரும். ஜிபிஎஸ் மட்டுமே சாட்சி என்று வைத்தால் 1974-இன் டாப்ளர் நிலைதான் திரும்ப வரும்.

#11 பனிமுகடு

ஜோம்சோம் வழியைப் பற்றி இன்னும் ஒரு கணக்கு. காளி கண்டகிப் பள்ளத்தாக்கு அன்னபூர்ணாவுக்கும் தவளகிரிக்கும் நடுவில் போகிறது. முற்பகலுக்குப் பிறகு காற்று கடுமையாகிவிடும், அதனால் விமானங்கள் காலையில் மட்டும். கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிதான் அங்கே. மேகம் அடைத்தால் திரும்பிவிட வேண்டும். திரும்ப எவ்வளவு அகலம் வேண்டும்?

திருப்ப ஆரம் என்பது வேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பு முடுக்கத்தாலும் சாய்வுக் கோணத்தின் டேஞ்சன்ட்டாலும் வகுத்தது. 100 நாட், 30 பாகைச் சாய்வு: ஆரம் 467 மீட்டர், விட்டம் 930 மீட்டருக்கு மேல். இது உண்மை வேகம். 12,000 அடியில் வேகமானி 100 காட்டினால் உண்மை வேகம் 120-ஐ ஒட்டி இருக்கும், விட்டம் 1,340 மீட்டர் ஆகிவிடும். கடல்மட்டத்தில் பழகிய கண்ணுக்கு 'போதும்' என்று தோன்றும் பள்ளத்தாக்கு அங்கே போதாது.

அதனால் பள்ளத்தாக்கின் நடுவில் பறக்கக்கூடாது. ஒரு பக்கச் சுவரை ஒட்டிப் போனால்தான் முழு அகலமும் திரும்பக் கிடைக்கும். நடுவில் போகிறவருக்குப் பாதிதான். திரும்பும் முடிவை மேகத்துக்குள் போவதற்கு முன்பே எடுக்க வேண்டும், உள்ளே போன பிறகு திரும்புவது சுவரை நோக்கியா விலகியா என்றே தெரியாது.

#12 கிடைவரை

மோதிய பிறகு என்ன நடக்கும்? தேடும் பணி பற்றித் தெரிந்தவர்கள் யாராவது எழுத முடியுமா? உயிர் பிழைத்தவர்கள் இருந்தால் நேரம்தானே எல்லாம்.

#13 தேடலணி

எழுதுகிறேன்.

கடிகாரம் விதிப்படி ஓடும். எதிர்பார்த்த தகவல் வராமல் 30 நிமிடம் ஆனால் 'ஐயநிலை'. இறங்க அனுமதி பெற்ற விமானம் எதிர்பார்த்த நேரத்திலிருந்து ஐந்து நிமிடத்தில் இறங்காமல், தொடர்பும் இல்லாவிட்டால் நேராக 'எச்சரிக்கை நிலை'. அதற்கு அடுத்தது 'ஆபத்து நிலை'. இவற்றில் கட்டுப்பாட்டறை தாமதித்தால் மற்ற எல்லாமே தாமதம்தான்.

அவசர இருப்பிட ரேடியோ என்கிற ஈஎல்டி, மோதலின் அதிர்ச்சியில் தானே இயங்கும். 406 மெகாஹெர்ட்ஸில் சுமார் 50 விநாடிக்கு ஒருமுறை அரை விநாடி, 5 வாட் திறனில் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். இலங்கை, நேபாளப் பகுதிகளுக்கான சமிக்ஞை பெங்களூருவில் உள்ள இஸ்ரோ மையத்துக்கு வரும். ஜிபிஎஸ் இருப்பிடம் சேர்த்து அனுப்பும் வகையென்றால் நூறு மீட்டர் அளவில் இடம் கிடைக்கும். இல்லையென்றால் சில கிலோமீட்டர் வட்டம். அருகே போன பிறகு 121.5 மெகாஹெர்ட்ஸை வைத்து மோப்பம் பிடிக்கலாம். அந்தப் பழைய அலைவரிசையைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி 1-இலிருந்து கேட்பதில்லை.

கோளாறு பெரும்பாலும் பெட்டியில் இல்லை. பெட்டி தாங்கும், ஆன்டெனாவுக்குப் போகும் கம்பி அறுந்துவிடும், அல்லது ஆன்டெனா உடலின் மேல்தகட்டோடு பிய்ந்துபோகும். விமானம் தலைகீழாகக் கிடந்தால் ஆன்டெனா தரைக்குள். குறுகிய பள்ளத்தில் வானமே கொஞ்சம்தான் தெரியும். 1992 ஜனவரி 20, பிரான்சில் ஏர் இன்டர் 148: ஈஎல்டி மோதலிலேயே உடைந்தது. சிதைவைக் கண்டுபிடிக்க நான்கு மணி நேரத்துக்கு மேல். கடுங்குளிர் இரவில் 9 பேர் பிழைத்தார்கள், 87 பேர் இறந்தார்கள்.

இதற்கு மாற்றாக, ஆபத்து தொடங்கியதுமே நிமிடத்துக்கு ஒருமுறை இருப்பிடத்தை அனுப்பும் ஏற்பாடு வந்திருக்கிறது. ஆனால் அது 27,000 கிலோவுக்கு மேற்பட்ட புதிய விமானங்களுக்குத்தான் கட்டாயம். மலைக்கிராமங்களுக்குப் போகும் ட்வின் ஓட்டர் ஆறு டன்கூட இல்லை. அதிகம் தேவைப்படுகிற விமானம் விதிக்கு வெளியே நிற்கிறது என்பது என் வருத்தம்.

வான்தேடல் எப்போதும் உச்சியிலிருந்து கீழ்நோக்கி. மலையைச் சமவுயரக் கோட்டில் ஒரு முழுச் சுற்று, பிறகு 500 முதல் 1,000 அடி இறங்கி அடுத்த சுற்று. அடிவாரத்திலிருந்து ஏறித் தேடினால் தேடும் ஹெலிகாப்டரே முட்டுச்சந்தில் மாட்டும். தாரா ஏர் சிதைவு சுமார் 14,500 அடியில் கிடந்தது. அங்கே மெல்லிய காற்றில் பல ஹெலிகாப்டர்களால் அந்தரத்தில் நிற்கவே முடியாது, ஆட்களை இறக்க ஒரு தட்டையான இடம் தேட வேண்டும்.

மார்ட்டின்ஏர் போன்ற விபத்தில் கூடுதல் சிக்கல் ஒன்று. விமானி கடைசியாகச் சொன்ன இடமே தவறு. அந்த இடத்தை மையமாக வைத்து வட்டம் போட்டால் தேடல் வேறு எங்கோ நடக்கும். அதனால் தேடல் வட்டத்தை வந்த பாதையின் பின்புறமாக நீட்டவேண்டும். சத்தம் கேட்டவர்கள், நெருப்பைப் பார்த்தவர்கள் சொல்வதை முதல் மணி நேரத்திலேயே திரட்டினால் அதுவே பெரும்பாலும் சரியான திசை காட்டும்.

#14 வெள்ளிறகு

அந்தக் கடைசிப் பத்தியிலிருந்து ஒரு கேள்வி. மலையில் முதலில் போய்ச் சேர்வது உள்ளூர் மக்கள்தான். அவர்கள் என்ன செய்ய வேண்டும், எதைத் தொடக்கூடாது?

#15 தேடலணி

உயிர் இருக்கிறதா என்று தேடுவது மட்டுமே முதல் வேலை. பெயர் சொல்லிக் கூப்பிட முடியாவிட்டாலும் குரல் கொடுத்துவிட்டு, எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் நின்று காது கொடுங்கள். காயம்பட்டவரைத் தீயோ சரிவோ அச்சுறுத்தாதவரை இழுக்காதீர்கள். உடலுக்குக் கீழே ஏதாவது விரியுங்கள், குளிர் மேலே இருந்து வருவதைவிடத் தரையிலிருந்து வேகமாக ஏறும். இருக்கை மெத்தை, போர்வை, காப்புப் பஞ்சு எல்லாம் சிதைவிலேயே கிடைக்கும்.

எரிபொருள் வாடை இருந்தால் தீக்குச்சி, பீடி எதுவும் கூடாது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்திலிருந்து அணுகுங்கள். எரிந்த கார்பன் நார்ப் பாகங்களிலிருந்து பறக்கும் தூசி நுரையீரலுக்குக் கேடு, நனைத்த துணியால் மூக்கை மூடுங்கள். வெடிக்காத சக்கரத்தில் 200 பிஎஸ்ஐ அளவு காற்று இருக்கும், அதன் பக்கவாட்டில் நிற்காதீர்கள். ஆக்சிஜன் உருளைகளையும், அவசரச் சறுக்குப்பலகையின் வாயு உருளைகளையும் நகர்த்தாதீர்கள்.

இறந்தவர்களை அள்ளிச் சேர்க்க மனம் துடிக்கும். தயவுசெய்து வேண்டாம். எந்த உடல் எந்த இருக்கைக்கு அருகில், எந்தப் பை யாருக்கு அருகில் என்பது அடையாளம் காண்பவர்களுக்குத் தேவை. கழி நட்டு, எண் எழுதி, படம் எடுத்த பிறகே நகர்த்துவார்கள். அடையாளத்துக்கு முதன்மைச் சான்று மூன்று: கைரேகை, பல், டிஎன்ஏ. உடையும் நகையும் துணைச்சான்று மட்டுமே, மாறிப்போக இடமுண்டு. வேகமாக மோதிய விபத்துகளில் பல குடும்பங்களுக்கு டிஎன்ஏ ஒன்றுதான் வழி. 1974-இல் அந்தச் சோதனையே இல்லை.

#16 கிடைவரை

ஏழு கன்னியர் மலையில் இறந்தவர்களுக்கான நினைவுச்சின்னம் நோர்ட்டன் பிரிட்ஜில் இருக்கிறது, விமானத்தின் சக்கரம் ஒன்றும் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. போகிறவர்கள் பார்க்கலாம்.

ஒரு கேள்வி இன்னும் மிச்சம். விசாரணை டாப்ளரோடு வானிலை ரேடாரையும் சேர்த்துச் சொல்கிறது. அன்றைய ரேடார் திரையில் இலங்கையின் கிழக்குக் கரையும் மேற்குக் கரையும் எப்படித் தெரிந்திருக்கும், எந்தச் சாய்வில் வைத்தால் மலை மழைமேகம்போல் தெரியும் என்பதை விளக்கக்கூடியவர் இருந்தால் இந்த இழையிலேயே தொடருங்கள். டிசி-8 காலத்து ரேடாரில் வேலை செய்தவர்கள் எழுதினால் நல்லது.